மலைநாடும் துவிச்சக்கரவண்டியும்

கண்டி மாநகரினின்றும் துவிச்சக்கரவண்டியிற் புறப்படுவோர்க்குக் கட்டுக்கலைச் செல்வ விநாயகர் ஆலயத்தைக் கடந்து பேராதனை வரை செல்லும் நாலு மைல் வழியே ஓரளவு சமதரையாவது. அதன்பின் எத்திசை நோக்கினும் மலையே. மேற்கே கடுகண்ணாவைக் கணவாய். தெற்கே கம்பளை, றம்பொடை வழியாக நுவரெலியா. வடக்கே மாத்தளைக்குச் செல்லும் ஏற்றவழி. கிழக்கே மகியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவு. இவ்வூரில் வண்டியோட்டப் பழகியவன் மலையேறப் பழகியவனே. ஆயினும், நெடுந்தூரப் போட்டியொன்றிற் புகவிரும்பும் இளைஞன் தன் வண்டியைத் திருத்தியமைக்க எண்ணுங்கால், மலையை மறந்து, பிற நாட்டார் சமதரையிற் கண்ட முடிவுகளைத் தன் முடிவாகக் கொள்கிறான். கைப்பொருளோ சிறிது, கடையில் விற்பனவோ பல. எவ்வுறுப்பை முதலில் மாற்றுவது என்னும் வினாவிற்கு விற்பவன் கூறும் விடையினும் வரலாறு கூறும் விடை நம்பத்தக்கது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

திரயத்லன் எனப்படும் முத்துறைப் போட்டி நீந்துதல், வண்டியோட்டல், ஓடுதல் ஆகிய மூன்றையும் இடையீடின்றி ஒருவனே செய்து முடிப்பது. அதன் நெடுந்தூர வடிவம் 1978 ஆம் ஆண்டு பெப்ரவரி 18 ஆம் நாள் ஹவாய்த் தீவிற் பிறந்தது. அமெரிக்கக் கடற்படை அலுவலர் ஜோன் கொலின்ஸ் என்பாரும் அவர்தம் மனைவியாரும் அத்தீவில் முன்னரே தனித்தனி நடைபெற்றுவந்த மூன்று போட்டிகளை ஒரே நாளிற் கோத்தனர். அன்று புறப்பட்டோர் பதினைவர்; முடித்தோர் பன்னிருவர். முதல்வராய் வந்த கோடன் ஹாலர் பதினொரு மணி நாற்பத்தாறு நிமிடத்திற்கு மேல் எடுத்துக்கொண்டார். இதிற் பாதித் தூரமுடைய போட்டி, அஃதாவது 1.9 கிலோமீற்றர் நீச்சல், 90 கிலோமீற்றர் வண்டியோட்டம், 21.1 கிலோமீற்றர் ஓட்டம் கொண்டது, 2018 பெப்ரவரியிற் கொழும்பிலும் நடைபெற்றது. அதன் வண்டிப் பாதை நகர வீதிகளிற் சென்ற சமதரைப் பாதை. மலைநாட்டிற் பயின்று கடற்கரையிற் போட்டியிடவேண்டிய நிலை இங்ஙனம் நம்மவர்க்கு உண்டாயிற்று. பயிலும் நாள்கள் பல நூறு. போட்டி நாள் ஒன்று. எந்த நாளுக்காக வண்டியை அமைப்பது?

வண்டிக்கு முன்னே வழியைச் சிறிது நோக்குவோம். கண்டியரசர் தம் நாட்டிற்கு அகன்ற பாதை அமையாமையையே அரணாகக் கொண்டிருந்தனர். 1815 இல் அரசு வீழ்ந்தபின், 1820 களிற் தேசாதிபதி எட்வேட் பாண்ஸ் கொழும்பு - கண்டி வீதியை அமைப்பித்தார். மலையைக் குடைந்து வழி செய்வோரே இந்நாட்டை ஆள்வர் என்றொரு முன்மொழி மக்களிடை வழங்கியதாகவும், அதனாலேயே கடுகண்ணாவையிற் பாறை குடையப்பட்டதாகவும் கூறுவர். உண்மை எதுவாயினும், குடைந்த பாறை இன்றும் நிற்கின்றது; வீதிதான் அதன் புறத்தே விலகிச் செல்கின்றது. அவ்வீதியின் பொறியியலாளராய் உழைத்து 1829 இல் இறந்த கப்டன் டோசனுக்கு எடுத்த கோபுரமும் கணவாயின் உச்சியில் உண்டு. 1867 இல் புகையிரதமும் அம்மலையேறிற்று. ஏறக்குறைய நாற்பத்தைந்து அடிக்கு ஓரடி என்னும் சரிவே அதற்கு இயன்ற எல்லை. வீதியின் சரிவு அதனினும் பல இடங்களிற் கடுமையானது. மாடும் குதிரையும் இளைத்த இவ்வழியிலேதான் பின்னர் மனிதன் தன் காலை நம்பி ஏறலானான்.

இரு சக்கரமும் ஒத்த அளவினவாய்ப் பின்சக்கரத்தைச் சங்கிலி இயக்கும் வண்டியை 1885 இற் கொவன்றி நகரத்து ஜோன் கெம்ப் ஸ்ராலி உருவாக்கினார். இன்றைய வண்டிகள் யாவும் அதன் வழிவந்தனவே. ஆயினும் அதன் சக்கரத்திற் பூட்டியது திண்ணிய இறப்பர். மூன்றாண்டு கழித்து, பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராயிருந்த ஜோன் பொயிட் டன்லப் தம் மைந்தனின் சிறுவண்டிக்காகக் காற்றடைத்த ரயரை அமைத்தார். 1845 இலேயே றொபேட் தொம்சன் என்பவர் அதனைக் கண்டிருந்தும், அதை விரும்பும் வண்டி அன்று பிறக்கவில்லை. 1889 மே மாதத்தில் வில்லி ஹியூம் என்னும் ஓட்டக்காரர் டன்லப்பின் ரயரைப் பூட்டி ஓடி வென்றபின், அதை எள்ளியோரும் வாங்கலாயினர். 1891 இற் பரிசிலிருந்து பிறெஸ்ற் சென்று மீளும் ஆயிரத்திருநூறு கிலோமீற்றர்ப் போட்டியிற் சார்ல்ஸ் ரெரொன் வென்றது, எளிதிற் கழற்றிப் பூட்டத்தக்க மிஷெலின் ரயரினால். நெடுந்தூரப் போட்டியொன்றை உறுப்புத் தேர்வு முடிவுசெய்த முதல் நிகழ்ச்சிகளுள் ஒன்றாக இதனைக் கொள்ளலாம். பாதையில் துளைபட்ட ரயரை விரைவில் திருத்தமுடிந்தவன் முந்தினான். வேறு மாயம் யாதுமில்லை.

இவ்விடத்திற் பேராதனை வந்து குறுக்கிடுகின்றது. ரயர் வேண்டுமெனில் இறப்பர் வேண்டும். துவிச்சக்கரவண்டி மேலைநாடுகளிற் பெருகிய 1890 களில் அவ்விறப்பர் பெரும்பாலும் காட்டு மரங்களிலும் கொடிகளிலுமிருந்து வந்தது. அதனைப் பெறக் கொங்கோவில் லியோபோல்ட் மன்னனின் ஆட்சி மக்கள்மீது செலுத்திய கொடுமை உலகறிந்தது. தோட்டப்பயிராக இறப்பரை வளர்க்கும் வழி இத்தீவில் உருவாயிற்று. 1876 இல் ஹென்றி விக்காம் பிரேசிலினின்றும் கொணர்ந்த விதைகள் கியூ தோட்டத்தில் முளைத்தபின், அந்நாற்றுக்களுட் பெரும்பாலன அவ்வாண்டே இலங்கைக்கு அனுப்பப்பட்டன. தாழ்நிலத்து வெப்பத்தை நாடி அவற்றைக் கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நட்டனர். பேராதனைப் பூந்தோட்டத்தின் பணிப்பாளர் துவெயிற்ஸ் என்பாரின் கண்காணிப்பில் அவை வளர்ந்தன. 1898, 1899 ஆம் ஆண்டுகளில் அத்தோட்டத்தில் விஞ்ஞான உதவியாளராயிருந்த ஜோன் பாக்கின், ஒருமுறை வெட்டிய இடத்தருகே மறுமுறை வெட்டினால் மரம் மிகுதியாகப் பால் தருவதை ஆராய்ந்தார். அமிலமிட்டுப் பாலை உறையவைக்கும் முறையையும் தெளிவாக்கினார். 1906 செப்ரெம்பரிற் பேராதனைப் பூந்தோட்டத்தில் இறப்பர்ப் பொருட்காட்சி நடைபெற்றது. உலகில் இவ்வகையில் முதலாவதென அதனைக் கூறுவர். அதன்பின் கேகாலை, இரத்தினபுரி, களுத்துறைப் பகுதிகளில் இறப்பர்க் காடு பரந்தது. மோட்டார் வண்டியின் வரவால் அதன் விலை 1910 இல் உச்சம் தொட்டது. விடியுமுன் எழுந்து அம்மரங்களிற் பால் வெட்டியோருள் தென்னிந்தியாவினின்றும் வந்த நம் மூதாதையர் எத்துணையர்! ஐரோப்பிய வீரரின் வெற்றிச் சக்கரத்தை எழுதுவோர் இவர்களை எழுதுவதில்லை.

1942 இல் மலாயாவும் சிங்கப்பூரும் வீழ்ந்தன. யப்பானியப் படையினர் பலர் அங்குத் துவிச்சக்கரவண்டிகளிலேயே விரைந்து முன்னேறினர் என்பதும், ரயர் வெடித்தபோது வெறும் றிம்மின்மேலேயே ஓட்டினர் என்பதும் போர் வரலாற்றிற் காணப்படும். மலாயா இறப்பர் கைவிட்டுப்போக, நேசநாடுகளுக்கு இலங்கையே இயற்கை இறப்பரின் முதன்மையிடமாயிற்று. 1944 இல் மவுண்பற்றன் பிரபு தம் தலைமையகத்தைக் கண்டிக்கு மாற்றிப் பேராதனைப் பூந்தோட்டத்திற் பணிமனை அமைத்தபோது, போரின் மிக அருமையான பொருள்களுள் ஒன்றுக்கு வழிவகுத்த மண்ணிலேயே அவர் அமர்ந்திருந்தார்.

இவ்வளவும் கூறியது ரயரின் சிறப்பை அறிவித்தற்கு. இன்றைய அளவையியலும் அதனையே கூறுகின்றது. வண்டியும் ஓட்டுநனும் சேர்ந்து 85 கிலோகிராம் எனக் கொள்வோம். தடித்த கீழ்த்தர ரயர் தரைமேல் உருளுங்கால் எழும் எதிர்ப்பு, நுண்ணிய இழைகளால் நெய்த நல்ல ரயருக்குரியதைப்போல் இருமடங்காதல் உண்டு. மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் இவ்வேறுபாடு ஏறக்குறைய 28 உவாற்று. நெடுநேரம் 150 உவாற்று ஆற்றலைத் தாங்கும் இளைஞனுக்கு இஃது ஐந்திலொரு பங்கு. இதனைவிடக் குறைந்த செலவில் இதற்கு ஈடான பயன் தரும் உறுப்பு வேறில்லை. காற்றை இயன்றமட்டும் இறுக அடைத்தலே நன்றென்னும் பழைய எண்ணமும் இப்போது மாறியுள்ளது. கரடான வீதியில் சற்றே அகன்ற ரயர் அளவாகக் காற்றுக்கொண்டு ஓடுதலே விரைவும் நலமும் ஆம். கம்பளைக்கு அப்பாலுள்ள வழிகளை அறிந்தோர்க்கு இதனை விளக்கவேண்டா.

இனிப் பற்சக்கரத்தைப் பற்றி. மலைநாட்டவர் அறியவேண்டிய பெயர் ஒன்றுண்டு: போல் த விவி. 1853 இற் பிறந்த இப்பிரெஞ்சுக்காரர் சென் எத்தியென் நகரிற் பட்டு வாணிகம் செய்தவர். பின்னர் வாணிகத்தை விட்டுத் துவிச்சக்கரவண்டிக்கே வாழ்வை ஈந்தார். வெலோசியோ என்னும் புனைபெயரில் 1887 முதல் வண்டியோட்டுநர்க்கென ஒரு சஞ்சிகை நடத்தினார். புலால் மறுத்தவர் என்பது நம் வாசகர்க்கு உவப்பளிக்கும் செய்தி. அவருடைய ஊர் மலையடியில் உள்ளது. ஊரெல்லையைக் கடந்தவுடன் ஆயிரத்து நூறு மீற்றருக்கு மேலுயர்ந்த கணவாய். ஒரே பற்சக்கரத்தோடு அதனை ஏறுதல் ஒரு சிலர்க்கே இயல்வதைக் கண்ட அவர், ஏற்றத்திற்கு ஒன்றும் சமதரைக்கு ஒன்றுமாக இரு சக்கரங்களைப் பூட்டி, இறங்கி நின்று கையாற் சங்கிலியை மாற்றினார். பின்னர் ஓடும்போதே மாற்றும் பொறிகளை ஆராய்ந்து, பிறர் ஆராயவும் தூண்டினார். சமதரைப் பரிசிலே பிறவாத பொறி மலையடிச் சென் எத்தியெனிற் பிறந்தது தற்செயலன்று. கண்டி போன்றதோர் ஊர் அது என்றால் மிகையாகாது.

பெரும்போட்டிக்காரர் அதனை எளிதில் ஏற்றாரல்லர். 1903 இற் றூர் த பிரான்ஸ் போட்டியைத் தொடக்கிய ஹென்றி தெகிரான்ஷ், பற்சக்கரம் மாற்றும் பொறி முதியோர்க்கும் பெலவீனர்க்கும் உரியதென எண்ணினார். ஆகவே அப்போட்டியின் வீரர் மலையடியில் இறங்கிப் பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் பூட்டி, அதன் மறுபுறத்துப் பெரிய பற்சக்கரத்தால் ஏறினர். உச்சியில் மீண்டும் திருப்பினர். இது 1937 வரை நீடித்தது. அவ்வாண்டு தடை நீங்க, மாற்றுப்பொறி பூட்டிய றொஜே லப்பெபி வென்றார். வெலோசியோ அதனைக் காண உயிரோடில்லை. 1930 இல் ட்ராம் வண்டி மோதி இறந்துபோனார். வீரம் என்னும் சொல்லால் அறிவின் ஆக்கத்தை முப்பதாண்டுக்கு மேல் தடுத்துவைத்தமைக்கு இதனிற் சிறந்த எடுத்துக்காட்டு விளையாட்டு வரலாற்றில் அரிது. நம்மூர் இளைஞருள்ளும் பெரிய பின்பற்சக்கரம் பூட்டுதல் இழிவென எண்ணுவோர் உளர்.

இலங்கைக்கு அந்நாளில் வந்தவை ஆங்கில நாட்டு றலி, றட்ஜ், ஹம்பர் முதலிய வண்டிகள். ஆசிரியரும் எழுதுவினைஞரும் தபாற்காரரும் அவற்றை ஓட்டினர். பிற்காலத்தில் உள்நாட்டு லுமாலா அவ்விடத்தைப் பெற்றது. இவற்றுட் பெரும்பாலானவை ஒரே பற்சக்கரம் உடையவை. முன்னே 46 பல்லும் பின்னே 18 பல்லும் கொண்ட வண்டி, மிதி ஒருமுறை சுழல ஏறக்குறைய ஐந்தரை மீற்றர் செல்லும். நூறடிக்கு ஆறடி உயரும் பாதையில் மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் ஏறும் ஒருவன் அவ்வண்டியில் நிமிடத்திற்கு முப்பது முறையே மிதிப்பான். ஒவ்வொரு மிதிப்பும் படியேறுதலினும் கடிது. முழங்கால் நெடுநாள் தாங்காது. நொற்றிங்காமில் உருவான ஸ்ரேமி ஆச்சர் மூவேகக் குடத்தில் தாழ்ந்த வேகம் கால்பங்கு எளிது. அதனால் மிதிப்பு நாற்பதளவில் உயரும். மலையோரத்து மக்கள் இவ்விரண்டிற்கும் கண்ட தீர்வு இறங்கித் தள்ளுதல். அதனை நகைப்பது தகாது. இன்று முன்னே 34 பல்லும் பின்னே 32 பல்லும் உடைய அமைப்பால், அதே பாதையில் அதே வேகத்தில், நிமிடத்திற்கு எழுபத்தைந்து முறை இலகுவாக மிதித்தேறலாம். ஆற்றலின் அளவு மாறவில்லை. அது காலின்மேல் விழும் முறை மாறிற்று. வண்டியை விட்டிறங்கியபின் இருபத்தொரு கிலோமீற்றர் ஓடவேண்டியவனுக்கு அம்மாற்றமே முக்கியம். இத்தாலியக் கம்பஞோலோவின் இணைகரப் பொறி 1950 களின் தொடக்கத்திலும், யப்பானிய சன்ரூரின் சாய்ந்த இணைகரம் 1964 இலும், ஒவ்வொரு படியிலும் தானே நிலைகொள்ளும் ஷிமானோவின் அமைப்பு 1984 இலும் வந்தன. அவற்றின் பெருமையை விரித்தல் வேண்டா. பழம்பொறிகளின் பயனும் இன்றைய விலையுயர்ந்த மின்பொறியின் பயனும் ஏற்றத்தில் ஒன்றே. பல்லின் எண்ணிக்கையே ஈண்டுப் பேசுவது.

பாரக் குறைவைப் பற்றி மிகுதியாகப் பேசுவர். கண்டியிலிருந்து நுவரெலியா ஏறக்குறைய 77 கிலோமீற்றர். இரண்டிற்கும் உயர வேறுபாடு ஏறக்குறைய 1,400 மீற்றர். ஒரு கிலோகிராம் பாரத்தை அவ்வுயரத்திற்கு ஏற்றப் பதினாலாயிரம் யூலுக்குச் சற்றுக் குறைவாகவே வேண்டும். 150 உவாற்று உடையவனுக்கு அஃது ஒன்றரை நிமிட வேலை. நாலு மணிக்கு மேற்பட்ட பயணத்தில் ஒன்றரை நிமிடம்! அவ்வொரு கிலோகிராமைக் குறைக்கக் கரிநார்ச் சட்டத்திற்கு ஈயும் பொருளையும், அவனே தண்ணீர்ப் போத்தலாக ஒன்றரைக் கிலோகிராமை உடன் கொண்டுசெல்வதையும் ஒப்புநோக்குக.

காற்றெதிர்ப்போ வேறு வகையது. ஓட்டுநன் நிமிர்ந்திருந்தால் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்திற் காற்றைப் பிளக்கவே 120 உவாற்றளவு செலவாகும். முன்னே நீண்ட கைபிடியில் முழங்கையூன்றிக் குனிந்தால் அதில் ஐந்திலொரு பங்கு மிஞ்சும். சமதரையில் 90 கிலோமீற்றருக்கு இதனால் பத்து நிமிடத்திற்கு மேல் ஆதாயம். பனிச்சறுக்குப் பயிற்றுநரான பூன் லெனன் 1980 களில் உருவாக்கிய இக்கைபிடியை முதலில் விரும்பி ஏற்றோர் முத்துறைப் போட்டியினரே. 1989 யூலை 23 ஆம் நாள் வெர்சேயிலிருந்து பரிசுக்கு 24.5 கிலோமீற்றர் தனியோட்டத்தில் கிறெக் லெமொண்ட் இதனைப் பூட்டி, ஐம்பது விநாடி பின்தங்கியிருந்தவர் எட்டு விநாடியால் றூர் த பிரான்ஸ் முழுவதையும் வென்றார். எதிரியான பின்யோன் அதனைப் பூட்டவில்லை. ஆனால் ஏற்றத்தில், மணிக்குப் பத்துக் கிலோமீற்றரில், இக்கைபிடியின் ஆதாயம் ஓர் உவாற்றுக்கும் குறைவு. இறக்கத்தில் அது கையைப் பிறேக்கினின்றும் அகற்றும் பகையுமாகும். பேருந்துகள் உரசிச் செல்லும் கண்டி வீதியில் முழங்கையூன்றி விரைதல் துணிவன்று. கொழும்புப் போட்டிக்கு இரு வாரம் முன்னே பூட்டி, சமதரையிற் பழகி, முடிந்தபின் கழற்றத்தக்கது அது. இருக்கையின் உயரமும் முன்பின்னும் அதற்கேற்பச் சரிபார்க்கப்படாவிடின், குனிந்த இடுப்பு பின்வரும் ஓட்டத்தில் வஞ்சம் தீர்த்துக்கொள்ளும்.

இந்நாட்டில் உறுப்புத் தேர்வு என்பது பலகால் வறுமையின் தேர்வாகவே இருந்தது. 1990 களில் யாழ்ப்பாணத்திற் பொருளாதாரத் தடையின்போது மின்கலம் கிடையாமையால், துவிச்சக்கரவண்டி டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். 2022 இல் எரிபொருள் தட்டுப்பாடு நேர்ந்தபோது வண்டியின் விலை பெரிதும் உயர்ந்தது. பழவண்டி வைத்திருந்தோர் பாக்கியவான்கள் ஆயினர். 1960 இல் ரோம் ஒலிம்பிக் துவிச்சக்கரவண்டிப் போட்டியில் இலங்கைக்காக ஓடிய மொரிஸ் குமாரவேல் போன்றோர் காலத்தில், வெளிநாட்டு உறுப்பொன்றைப் பெறுதல் இன்றையினும் அரிதாயிருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

எஞ்சியது பிறேக். ஏற்றத்தைப் பற்றி எழுதுவோர் பலர். இறக்கத்தை எழுதுவோர் சிலர். உயிருக்கு இடர் நேர்வதோ இறக்கத்தில். முந்நூறு மீற்றர் உயரம் ஏறியவன் சேர்த்துவைத்த இரண்டரை இலட்சம் யூல் சக்தி இறங்குங்கால் எங்கேனும் செலவாதல் வேண்டும். ஐந்து கிலோமீற்றர் இறக்கத்தை மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேற்படாது இறங்கினால், காற்றும் தரையும் தின்றது போக 250 உவாற்றளவு வெப்பம் பத்து நிமிடம் இடைவிடாது பிறேக்கிற் சேரும். பழைய ஆங்கில வண்டியின் கம்பிப் பிறேக் குரோமியம் பூசிய உருக்கு றிம்மை அழுத்தியது. மழையில் நனைந்த உருக்கு வழுக்கிற்று. அலுமினிய றிம் அக்குறையைப் பெரிதும் நீக்கியது. கரிநார் றிம் அதனை வேறு வடிவில் மீண்டும் கொணர்ந்தது: றிம்மை அழுத்தும் பிறேக்கோடு நீண்ட மலையிறக்கத்திற் சென்றால், சூட்டினால் அதன் பிசின் இளகி றிம் கெடவும் ரயர் வெடிக்கவும் கூடும். ஆழ்ந்த கரிநார்ச் சக்கரமே முதலில் வாங்கத்தக்கதென விளம்பரங்கள் கூறும். மலைநாட்டவன் இறுதியில் வாங்கவேண்டியது, அன்றேல் வாங்காது விடவேண்டியது அதுவே. சக்கரத்தின் நடுவே தட்டைப் பற்றும் பிறேக் இச்சிக்கலினின்றும் றிம்மை விடுவித்தது. பெருவீதிப் போட்டிகளில் அது 2018 முதல் முறையாக அனுமதிக்கப்பட்டது. அத்தகைய வண்டி வாங்க இயலாதவன் அலுமினிய றிம்மும், மழைக்குரிய நல்ல பிறேக் கட்டைகளும், புதிய கம்பியும் பூட்டி, இடைவிடாது அழுத்தாமல் விட்டுவிட்டு அழுத்தி இறங்குக. கடுகண்ணாவை இறங்கி மாவனல்லையில் நின்று றிம்மை விரல் நுனியால் தொட்டால் சுடும். கட்டையின் தேய்வை அங்கேயே குனிந்து பார்த்துக்கொள்ளலாம்.